முன் சீட்டு

வெள்ளை என்றால் சேறு தெரியும், சாம்பல் என்றால் மழையில் எதிரே வருகிற லாரிக்காரனுக்குத் தெரியாது, நீலம் என்றால் பக்கத்து வீட்டு ராஜகனியிடமும் நீலம் இருக்கிறது, என்னைப் பார்த்துத்தான் வாங்கினார்கள் என்று அவள் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவாள் என்று அம்மா மூன்றாவது தடவையாக முதலிலிருந்து ஆரம்பித்தபோது அத்தை செத்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அது அந்தக் கார் ஷோரூமில் இசக்கிப்ரியா ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. செத்தது அவருடைய கூடப்பிறந்த அக்கா, ஒரே அக்கா, அவர் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். டயரில் என்ன இருக்கிறது, கறுப்பாக இருக்கிறது, வட்டமாக இருக்கிறது, ஆனால் மின்வாரியத்தில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டிய போர்மேன் வேலாயுதம் எதையும் குனிந்து பார்க்காமல் வாங்கமாட்டார், கத்தரிக்காயைக்கூட. சொல்லிவிடலாம். மூன்று சொல்தான். அப்பா, அத்தை போயிட்டாங்க. ஒரு மூச்சு போதும். அந்த மூச்சை அவள் இருபது தடவை இழுத்தாயிற்று, இருபது தடவையும் அது வேறு எதற்கோ செலவாகிப்போனது. ஒரு தடவை வாயைத் திறந்தபோது, சட்டையில் ஜெபக்குமார் என்று பேர் குத்தியிருந்த டை கட்டிய அண்ணன் முந்திக்கொண்டு, பேசிக்கா பாத்தீங்கன்னா மேடம், வெள்ளைக்குத்தான் மேடம் வெயிட்டிங் கம்மி, என்றான். அவனுக்கு எல்லாமே பேசிக்கா பாத்தீங்கன்னாதான். சீட்டு பேசிக்கா பாத்தீங்கன்னா, டிக்கி பேசிக்கா பாத்தீங்கன்னா. வேறு நாளாக இருந்தால் இந்நேரம் அவனை உருட்டித் திரட்டி வாய்க்குள் போட்டிருப்பாள், வீட்டுக்குப் போய் ஒரு வாரத்துக்குப் பேசிக்கா பாத்தீங்கன்னா ரசம் மேடம், பேசிக்கா பாத்தீங்கன்னா அப்பளம் மேடம். இப்போதும் அது தொண்டைக்குள் தன்பாட்டுக்கு நடந்துகொண்டுதான் இருந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது. அத்தை செத்த செய்தி ஒரு பக்கம் கல்லாய்க் கிடக்க, இந்தப் பாழாய்ப்போன தொண்டை இன்னொரு பக்கம் டை கட்டியவனைப் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறது. சனியனே, நீ சும்மா இருக்கமாட்டியா.

எல்லாம் ஒரு செருமலில் வந்த வினை. அப்பா போனை எடுத்தால் நேராகப் பேசமாட்டார். மோட்டார் போட்டதும் தண்ணீருக்கு முன்னால் குழாயில் காற்று வருமே, அது மாதிரி ஒரு செருமல், பிறகு ஆங், பிறகு நின்று நிதானமாக, சொல்லுங்க. அந்தச் செருமலைப் பிடிக்க இசக்கிக்கு ஏழாம் வகுப்பு முழு ஆண்டு லீவு பூராவும் ஆயிற்று. அது வந்துவிட்டால் மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும். பதினேழு வயசுத் தொண்டைக்குள் ஐம்பத்திரண்டு வயசு ஆம்பிளை எப்படி அடங்குவார் என்றால், போன் என்பதால் அடங்குவார். பாதியை இரைச்சல் பார்த்துக்கொள்ளும், மீதியைக் கேட்கிறவருடைய நம்பிக்கை பார்த்துக்கொள்ளும். சுடலைமுத்து மாமா மாதிரி ஆளிடம் அதுகூட வேண்டாம். அத்தையின் வீட்டுக்காரர், கவர்மெண்டு பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டர், இஞ்சின் பக்கத்திலேயே நின்று நின்று ஒரு காது போய்விட்டது. அவரிடம் அப்பா குரலில் மூன்று தடவை பேசி மூன்று தடவையும் மாட்டவில்லை. பொங்கலுக்கு அப்பா பேசுகிற மாதிரி மாமாவையும் அத்தையையும் வருந்தி வருந்திக் கூப்பிட்டு, அவர்கள் பையோடு வந்து இறங்கியபோது அப்பா லுங்கியைக் கட்டிக்கொண்டு முழித்த முழியைச் சொல்லிச் சொல்லியே அத்தைக்கு மூச்சு வாங்கியது. அப்பாவும்தான் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அம்மாவுக்குத் தனிக் கணக்கு இருந்தது. போன மாசம் ஹெட்மிஸ்டிரஸ் குரலில், உங்க பொண்ணு பிரேயர்ல மயங்கி விழுந்துட்டா, உடனே வாங்க, என்று இசக்கி போன் பண்ணப்போக, அம்மா இடது காலுக்கு ஒன்றும் வலது காலுக்கு ஒன்றுமாக வேறு வேறு செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள் அல்லவா. அதனால் இன்றைக்குக் காலையில் சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தித் திருநீறு பூசி, இன்னிக்கி ஒரு நாள் உன் வாயில உன் குரல் மட்டுந்தான் வரணும், நல்ல காரியத்துக்குப் போறோம், என்று சத்தியம் வாங்கியிருந்தாள். அந்தச் சத்தியம் பதினொன்றரை மணி வரைக்கும் நின்றது. பதினொன்றரைக்கு அப்பா சாம்பல் கலர் வண்டியை ஓட்டிப் பார்க்கப் போனார், அம்மா பின்னால் ஏறிக்கொண்டாள், வண்டி ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது என்று அப்பா அதை மகள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். வண்டி தெருமுனை தாண்டவில்லை, போன் அடித்தது. திரையில் அத்தான், அதாவது சுடலைமுத்து மாமா. யாருமில்லாத ஷோரூம், குளுகுளு காற்று, முன்னால் காபியும் பிஸ்கட் தட்டும், கையில் அப்பாவின் போன். லாரி வாங்கிட்டோம் அத்தான் என்று சொல்லவேண்டும் என்பது வரைக்கும் திட்டம் வந்துவிட்டது. செருமினாள்.

‘ஆங்... சொல்லுங்க அத்தான்.’

‘மாப்ள. உங்க அக்கா போயிட்டா மாப்ள.’

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். மாமா, நான் இசக்கி, அப்பா வெளிய போயிருக்காங்க. அவ்வளவுதானே. ஆனால் மாமா அழுதார். உள்ள போ உள்ள போ, படியில தொங்காத, என்று முப்பது வருஷம் ஊரையே அதட்டின குரல் அது, அது அழும் என்று அவளுக்குத் தெரியாது, அதற்கு அழத் தெரியவில்லை, விசில் ஊதத் தெரியாதவன் ஊதுகிற மாதிரி காற்றாக வந்தது. அதன் நடுவில் போய், மாமா ஏமாந்தீங்களா நான் இசக்கி, என்று எப்படிச் சொல்வது. காலையில் ஆஸ்பத்திரியில் மெஷினிலிருந்து இறக்கினார்களாம். நல்லாத்தான் பேசினாளாம். இட்லி கேட்டாளாம். வாங்கிக்கொண்டு வருவதற்குள், பதினோரு மணி இருக்கும் மாப்ள, பொட்டலம் இன்னும் என் கையிலதான் இருக்கு. யாரிடமும் சொல்லவில்லையாம் இன்னும், முதலில் தம்பியிடம்தான் சொல்லவேண்டும் என்று வெளியே வந்து அடிக்கிறாராம். அப்புறம், நீ கார் வாங்குதேன்னு சொன்னதுல இருந்து ஒரே பேச்சு மாப்ள, முன் சீட்டுலதான் உக்காருவேன்னா, என்றார். முப்பது வருஷம் உங்க பஸ்ல ஏறும்போதெல்லாம் கூட்டத்துக்கு எடம் விட்டுப் பின்னாலதான உக்காந்தேன், தம்பி கார்லயாச்சும் முன்னால உக்காந்து ரோட்டப் பாத்துட்டே போவேன், அவன்ட்ட நீங்களே சொல்லுங்கன்னா. இன்னிக்கிச் சொல்லலாம்னு இருந்தேன், என்றார். இசக்கி அத்தனையையும் அப்பாவாக நின்று கேட்டாள். கேட்டு முடித்ததும் எதிர்ப்பக்கம் காத்திருந்தது. செருமினாள். இந்தத் தடவை அது விளையாட்டுக்கு வரவில்லை. பிறகு அப்பாவின் குரலில் ஒரு வாக்கியம் சொன்னாள், வைத்துவிட்டாள். காபி ஆறிப்போயிருந்தது.

இப்போது அந்தப் போன் அவள் உள்ளங்கையில் தவளை மாதிரி துடித்துக்கொண்டிருக்கிறது. சத்தத்தை அணைத்துவிட்டாள், துடிப்பை அணைக்கத் தெரியவில்லை. சங்கரன்கோவில் சித்தி, அப்பாவுக்குச் சித்தி. நின்றது. மறுபடி சங்கரன்கோவில் சித்தி. அப்படியென்றால் மாமா மற்றவர்களுக்கும் சொல்லத் தொடங்கிவிட்டார். இன்னும் கால் மணி நேரத்தில் அப்பா தானாகப் போனைக் கேட்பார், கொடுட்டி, யாரு இத்தனை தடவை, சித்தியின் ஒப்பாரியில் அதைக் கேட்பார், உனக்குத் தெரியாதா வேலு, உன் அத்தான் உன்ட்டதான முதல்ல பேசுனேன்னாரு, என்பாள் சித்தி. அதற்கு முன்னால் சொல்லவேண்டும். சொன்னால் யார் நம்புவார்கள். அம்மா முதுகில் ஒன்று வைப்பாள், விளங்குவியாட்டி நீ, சாவுலயா விளையாட்டு, என்பாள். எந்தக் குரலில் சொல்வது. டிவியில் செய்தி வாசிக்கிற பெண் குரல் கைவசம் இருக்கிறது, சனிக்கிழமை காலை காலமானார், அவருக்கு வயது அறுபத்தொன்று, சீ. ஹெட்மிஸ்டிரஸ் குரல், ஐ ஆம் சாரி டு இன்ஃபார்ம் யூ, சீ. மாமா குரலிலேயே சொல்லலாம், அப்படியே வந்ததை வந்தபடி, மாப்ள உங்க அக்கா போயிட்டா மாப்ள, ஐயோ அது வந்துவிடுமோ, அந்த அழுகையைத் தொண்டை பிடித்துவைத்திருக்குமோ என்று பயந்து எச்சிலை விழுங்கினாள். பிடித்துத்தான் வைத்திருந்தது. இவ்வளவு குரல் இருக்கிறது, ஒரு பெட்டி நிறைய, மூன்று சொல் சொல்ல ஒன்றும் தோதாக இல்லை. இந்த மாதிரி வேலைக்கெல்லாம் அத்தைதான் சரியான ஆள். சொந்தத்தில் யார் செத்தாலும் சொல்லுகிற பொறுப்பு பேச்சியம்மாள் அத்தைக்குத்தான், ஏனென்றால் அவளுக்கு ஒரு முறை இருந்தது. எடுத்த எடுப்பில் சொல்லமாட்டாள். சாப்பிட்டியா என்று கேட்பாள். இல்லை என்றால், முதல்ல சாப்பிடு, பொறவு பேசுதேன், என்று வைத்துவிட்டுக் கால் மணி கழித்து மறுபடி கூப்பிடுவாள். நேரில் என்றால் தட்டை எடுத்து நீட்டுவாள், ஒரு வாய் உள்ளே போகிறவரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்பாள். சேதி கேட்ட பிறகு அடுத்த நாள் வரைக்கும் வயிற்றுக்குள் ஒன்றும் இறங்காது பாத்துக்கோ, அழுறதுக்குத் தெம்பு வேண்டாமா, என்பாள். தாத்தா செத்த அன்றைக்கு அப்பா மின்கம்பத்தடியில் நின்று, காரணம் தெரியாமலே, அக்கா சொல்லிவிட்டாளே என்று இரண்டு தோசை தின்றாராம். அதனால் அத்தை நேரங்கெட்ட நேரத்தில் சாப்பிட்டியா என்று கேட்டால் வீட்டில் எல்லோரும், யாரு, என்றுதான் முதலில் கேட்பார்கள்.

‘ஏட்டி, நீ சொல்லு, வெள்ளையா சாம்பலா’ என்றாள் அம்மா.

ஏதோ ஒண்ணும்மா, என்றாள் இசக்கி. ஏதோ ஒண்ணா, நாளைக்கி உன்னைய ஸ்கூல்ல கொண்டுபோய் விடப்போற வண்டி, ஏதோ ஒண்ணாம்லா, என்று அம்மா பிடித்துக்கொண்டாள், பிறகு டிக்கியைத் திறந்து பெரிய தவலை உள்ளே போகுமா என்று கையால் அளந்தாள். தவலையை எதற்குக் காரில் கொண்டுபோகவேண்டும், எங்கே கொண்டுபோகவேண்டும். யாருக்கு இந்தக் கார். அத்தைக்கு. கோவில்பட்டியில் இருக்கிறாள், இருந்தாள், இருக்கிறாள் என்றே வருகிறது, வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்தம் பண்ண மெஷினில் படுக்கவேண்டும், அடுத்த மாசம் இங்கே திருநெல்வேலியில் நம் வீட்டுக்கே வந்துவிடட்டும், ஆட்டோவில் குலுங்கிக் குலுங்கிப் போனால் அவள் தாங்கமாட்டாள் என்று அப்பா ஐம்பத்திரண்டு வயசில் எல் போர்டு மாட்டி ஓட்டக் கற்றுக்கொண்டார். அதனால்தான் இத்தனை கதவுப் பேச்சு. கதவு எவ்வளவு திறக்கிறது, சீட்டு எவ்வளவு உயரம், பின் சீட்டில் வீங்கின இடது காலை நீட்டி வைக்கலாமா. பின் சீட்டு, பின் சீட்டு, காலையிலிருந்து பின் சீட்டு. முன் சீட்டுப்பா, அவங்க முன் சீட்டு கேட்டாங்க, என்று கத்தவேண்டும்போல இருந்தது. யாரும் அத்தையிடம் கேட்கவே இல்லை. எல்லோரும் அத்தைக்காகவே பார்த்தார்கள், அத்தையைக் கேட்கவில்லை. கேட்பதற்குப் பதில் இசக்கியை ஏறச் சொன்னார்கள். அது அப்பாவின் யோசனை. அம்மாவின் சத்தியத்திலிருந்து அதற்கு மட்டும் விலக்கு. காலையில் முதல் வண்டி, சிவப்பு. அம்மாவின் பையைத் தோளில் மாட்டி, பையை முதலில் சீட்டில் வைத்து, வலது கையால் மேற்கூரையைப் பிடித்து, இடது காலைத் தொடையோடு இரண்டு கையாலும் தூக்கி, அத்தையேதான். அதோடு அத்தை எந்த வண்டியில் ஏறினாலும், இஞ்சினே ஓடாவிட்டாலும், டிரைவரே இல்லாவிட்டாலும் சொல்லுகிற சொல்: இருப்பா, இருப்பா, நான் இன்னும் ஏறல. அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். டை கட்டியவனும் சிரித்தான். கூரையில் தலை இடித்தது, அத்தை இவளைவிட உயரம், சிவப்பு வேண்டாம் என்று முடிவாயிற்று. எத்தனை மணி அப்போது. வந்தது பத்தே முக்கால். காபி வந்தது. சிவப்பு வண்டிக் கதவைத் திறந்தபோது பதினொன்றா. பதினோரு மணி இருக்கும் மாப்ள. ஒருவேளை பதினொன்று ஐந்தா. மறுபடி மறுபடி அங்கேதான் போய் நின்றது, சேலைத் தலைப்பு முள்ளில் மாட்டின மாதிரி, எடுத்தாலும் மாட்டிக்கொண்டது. கோவில்பட்டியில் மாமா பொட்டலத்தோடு படியேறிக்கொண்டிருக்கும்போது இவள் இங்கே இரண்டு கையாலும் காலைத் தூக்கி, இருப்பா, இருப்பா. யார் இருக்கவேண்டும். யாரைப் பார்த்துச் சொன்னாள். அத்தையின் குரலை அந்த நிமிஷத்தில் இவள் எடுத்துக்கொண்டதால்தான் அங்கே, சீ சீ, பைத்தியக்காரி, அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது, பதினொன்று இருபதாகத்தான் இருக்கும்.

‘சரி, இதுதான் கடைசி’ என்று அப்பா நிமிர்ந்தார். முழங்காலைத் தட்டிவிட்டுச் சாம்பல் வண்டியின் பின் கதவைத் திறந்தார். ‘இசக்கி, வா. அத்தை மாதிரி ஒருக்கா ஏறிக் காட்டு. இதுல சரியா வந்துச்சுன்னா இதையே முடிச்சிருவோம்.’

அம்மா பையை நீட்டினாள். டை கட்டியவன் முன்கூட்டியே சிரித்துவைத்தான். இசக்கி போனை இடது கையில் இறுக்கிக்கொண்டு போனாள். பையை சீட்டில் வைத்தாள். கூரையைப் பிடித்தாள். கூரை சில்லென்று இருந்தது. காலைத் தூக்கவேண்டும். தூக்கினாள். இந்த வண்டியில் சரியாக வந்தது, தலை இடிக்கவில்லை, கால் தாராளமாகப் போனது, எழவு, இதில் எல்லாம் சரியாகத்தான் வருகிறது. இனி அந்தச் சொல். தொண்டைக்குள் அது முழுசாக இருந்தது, இழுவையோடு, மூச்சு வாங்கலோடு, இனி இந்த உலகத்தில் அது இருக்கிற இடம் அது ஒன்றுதான். இருப்பா. வாய் திறந்தது. நான் இன்னும். ஒன்றும் வரவில்லை. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, அப்படியே நின்றாள்.

‘வேண்டாங்கும்போது நாள் பூரா வரும், வேணுங்கும்போது வராதாக்கும்’ என்றாள் அம்மா.

போன் துடித்தது. இசக்கி காலை வெளியே எடுத்தாள். மேஜைக்குப் போனாள். தட்டில் இரண்டு பிஸ்கட் மிச்சம் இருந்தது. தட்டோடு எடுத்துவந்து அப்பாவுக்கு முன்னால் நீட்டினாள்.

‘அப்பா, முதல்ல இதச் சாப்பிடுங்க.’

யாருடைய குரலும் இல்லாமல் வந்தது அது, தட்டையாக, கொஞ்சம் கீச்சென்று. அப்பா சிரிக்கத்தான் ஆரம்பித்தார், அக்கா மாதிரி செய்து காட்டுகிறாள் என்று. பிறகு தட்டைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவள் கையில் துடித்துக்கொண்டிருந்த போனைப் பார்த்தார்.

‘யாரு?’ என்றார்.

‘அத்தை.’

இசக்கீ என்று அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். அப்பா ஒரு விரலைக் காட்டினார், அம்மா நின்றுவிட்டாள். அப்பா பிஸ்கட்டை எடுத்தார். அவசரப்படாமல், முழுசையும் மென்று விழுங்கினார். தொண்டையில் அது இறங்குகிறவரைக்கும் இசக்கி பார்த்துக்கொண்டு நின்றாள். அதன் பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், பதினோரு மணி, இட்லி, பொட்டலம், முன் சீட்டு. டை கட்டியவன் மெதுவாகப் பின்னால் நகர்ந்து போனான். அம்மா திறந்து கிடந்த டிக்கியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

‘அத்தான் யார்ட்ட சொன்னாரு?’

‘உங்கட்டத்தான்ப்பா. நான் உங்க குரல்ல எடுத்துட்டேன். பொறவு மாத்த முடியல.’

அடிப்பார் என்று நினைத்தாள். அடித்தால் நன்றாக இருக்கும்போல இருந்தது. அப்பா வண்டியின் கதவுக் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

‘நான் என்ன சொன்னேன்?’ என்றார்.

‘அழாதீங்க அத்தான், அவ கைய விட்டுராதீங்க, நான் வந்துட்டே இருக்கேன், அப்டின்னீங்க.’

அப்பா அதை உதட்டுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். தலையை ஆட்டினார். ‘சரியாத்தான் சொல்லிருக்கேன்’ என்றார். பிறகு பின் கதவைச் சாத்தினார். சுற்றி வந்து முன் கதவைத் திறந்தார். டிரைவர் பக்கம் இல்லை, அந்தப் பக்கம். ஏறி உட்கார்ந்து, இடது காலை நீட்டி, கண்ணாடி வழியாகப் பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே ஷோரூமின் கண்ணாடி, அதற்கு வெளியே வெயிலில் பைபாஸ் ரோடு. ஒரு பஸ் போனது. இன்னொன்று போனது.

போன் மறுபடி துடித்தது. அத்தான். அப்பா கையை நீட்டி வாங்கினார், காதில் வைத்தார், செருமினார். காற்று மட்டும் வந்தது. மறுபடி செருமினார். கன்னம் ஆடியது, வாய் திறந்து மூடியது, மாப்ள, மாப்ள, என்று அந்தப் பக்கம் கூப்பிடுவது வெளியே நிற்கிற இசக்கிக்கே கேட்டது. அப்பா போனை அவளிடம் நீட்டினார். இசக்கி காலையில் கொடுத்த சத்தியத்தை நினைத்துத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பேசு, என்று தலையை அசைத்தாள்.

‘ஆங்... சொல்லுங்க அத்தான்.’

கிளம்பிவிட்டாயா என்று கேட்டார் மாமா. இசக்கி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அப்பா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், அடுத்து தான் என்ன சொல்லப்போகிறோம் என்று காத்திருக்கிற ஆள் மாதிரி.

‘கெளம்பிட்டேன் அத்தான். டாக்சி சொல்லப் போறேன், ஒன்றரை மணிக்கெல்லாம் அங்க வந்துருவோம்.’

அப்பா தலையை ஆட்டினார். பிறகு சீட்டை உள்ளங்கையால் இரண்டு தடவை தட்டிக் காட்டினார். உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை, ஆனால் இசக்கிக்கு அது போதும்.

‘அத்தான்’ என்றாள், ஒரு தடவை செருமிக்கொண்டு. ‘முன் சீட்டுல உக்காந்து பாத்தேன். அக்காவுக்குக் கால் நல்லாவே நீட்டலாம்.’